வாசகர் கேள்வி–பதில்: பஞ்சம், லாரி, நீலத் தொப்பி

சூடான், தெற்கு சூடான், சோமாலியா என்று செய்தியில் அடிபடும் நாடுகளைப் பற்றி டெல்லி வாசகர்கள் இந்த முறை நிறையவே கேட்டிருக்கிறார்கள். அரசே தள்ளாடும் இடத்தில் சோறும் தண்ணீரும் பாதுகாப்பும் எப்படிப் போய்ச் சேர்கின்றன, எங்கே மாட்டிக்கொள்கின்றன என்பதைத்தான் பெரும்பாலான கடிதங்கள் கேட்கின்றன.

ஒரு நாள் ‘பஞ்சம்’ என்கிறார்கள், மறுநாள் ‘பஞ்ச அபாயம்’ என்கிறார்கள். பட்டினி என்றால் பட்டினிதானே? இதை யார் தீர்மானிக்கிறார்கள்?
– குடும்பத் தலைவி, மயூர் விகார்

உணவுப் பற்றாக்குறையை அளக்க ஐ.பி.சி. என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் ஐந்து படிகள். ஐந்தாவது படிதான் பஞ்சம். ஒரு பகுதிக்கு அந்தப் பெயரைச் சூட்ட மூன்று கணக்குகள் ஒன்றுசேர வேண்டும். நூறு வீட்டில் இருபது வீட்டிலாவது சாப்பாடு அறவே இல்லாத நிலை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு முப்பது பேராவது கடுமையாக மெலிந்திருப்பது. பசியாலோ, பசியும் நோயும் சேர்ந்தோ 10,000 பேருக்கு நாளொன்றுக்கு 2 பேராவது சாவது. கடைசிக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். 10,000 பேர் குடியிருக்கும் ஒரு காலனியில் மாதம் 60 சாவு. தெருவுக்குத் தெரு பந்தல் போட்ட மாதிரி இருக்கும்.

மூன்று கணக்கையும் எடுக்க ஆள் உள்ளே போக வேண்டும். முற்றுகையிட்ட ஊருக்குள் யார் விடுவார்கள்? கணக்கு கிடைக்காவிட்டால் அறிவிப்பும் இல்லை. அதனால் ‘பஞ்சம்’ என்ற சொல் வருவதற்குள் சாவு வந்துவிடுகிறது. சோமாலியாவில் 2010 கடைசியிலேயே எச்சரிக்கை வந்தது. பஞ்சம் என்று அறிவித்தது 2011 ஜூலை 20. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஏறக்குறைய 2,60,000 பேர், அதில் பாதி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அறிவிப்பு வந்த பிறகு பணம் கொட்டியது. ஆனால் மொத்தச் சாவில் ஏறக்குறைய பாதி அதற்குள் முடிந்திருந்தது.

சூடானின் வட டார்ஃபூரில் எல் ஃபாஷர் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்டில் உறுதியானது. அங்கே மழை பொய்த்ததால் வந்த பஞ்சம் இல்லை அது. அரசுப் படையோடு போரிடும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படை நகரைச் சுற்றி வளைத்து வழியை அடைத்தது. முற்றுகையின் கடைசி மாதங்களில் எல் ஃபாஷர் மக்கள் ‘அம்பாஸ்’ தின்றார்கள். கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. நம் ஊரில் மாட்டுக்கு வைக்கும் அதே கடலைப் புண்ணாக்கு. 2025 அக்டோபரில் நகரம் விழுந்தது.

எனவே ஐந்தாம் படிக்குக் காத்திராதீர்கள். ‘நான்காம் படி’ என்று செய்தி வந்தாலே குழந்தைகள் சாகத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். அதற்கும் முந்தைய அடையாளத்தைச் சந்தையில் பார்க்கலாம். ஓர் ஆட்டை விற்றால் எத்தனை கிலோ சோளம் கிடைக்கிறது என்பதே அது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டை விற்க வந்தால் ஆட்டு விலை சரியும், சோள விலை ஏறும். அடுத்த வருஷத்துக்கு வைத்திருந்த விதை நெல்லைக் குத்தித் தின்னும் கட்டம் அதற்குப் பின்னால் வருவது.

நான் சேமிப்புக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஒரு முகாமுக்கு எவ்வளவு தானியம் வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? லாரி போக முடியாவிட்டால் விமானத்தில் போட்டுவிடலாமே?
– ஆர்.கே. புரம்

கிடங்குக்காரர் கேட்கும் கேள்வி என்பதால் கணக்காகவே சொல்கிறோம்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது அடிப்படை. அதற்கான வழக்கமான பங்கீடு: தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்துச் சேர்த்த மக்காச்சோள–சோயா மாவு 50, சர்க்கரை 15, உப்பு 5. கூட்டினால் 555 கிராம். 10,000 பேருக்கு 30 நாளைக்கு 166.5 டன், தானியம் மட்டுமே 120 டன். நல்ல சாலையில் 30 டன் லாரி ஆறு போதும். சேற்றுப் பாதைக்கு எல்லாச் சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். அது 15 டன்தான் ஏற்றும் என்று வைத்தால் பன்னிரண்டு வண்டி.

கணக்கு இதோடு முடிகிறது, சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. செங்கடல் ஓரத்தில் இருக்கும் போர்ட் சூடானிலிருந்து டார்ஃபூருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் எத்தனை படையின் கை இருக்கிறதோ அத்தனை சோதனைச் சாவடி, ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சீட்டு. பக்கத்து நாடான சாட் வழியாக, அத்ரே எல்லையில் நுழைந்தால் தூரம் குறைவு. அந்த வாசலை 2024 பிப்ரவரியில் சூடான் அரசு மூடியது. மறுபடி திறந்தது ஆகஸ்டில். ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே மழைக்காலம். ‘வாடி’ என்று சொல்லும் காட்டாறுகளில் வெள்ளம் புரளும், லாரி கரையிலேயே நாள்கணக்கில் நிற்கும். ஆக, வாசல் திறந்தபோது பாதை போய்விட்டது. விஷயம் தெரிந்தவர்கள் மே மாதத்துக்குள் சரக்கை உள்ளே கொண்டுபோய் இறக்கிவிடத் துடிப்பது இதனால்தான். ஏப்ரலில் மறுக்கப்பட்ட ஒரு கையெழுத்தின் விலை ஆகஸ்டில் தெரியும்.

விமானம் கடைசி வழி. வானிலிருந்து போடுவதற்கு, சாலையில் கொண்டுபோவதைப் போல ஏழு மடங்கு வரை செலவாகும். இல்யூஷின்-76 விமானம் ஒரு நடையில் ஏறக்குறைய 30 டன் கொண்டுபோகும். உங்கள் 166.5 டன்னுக்கு ஆறு நடை. தானிய மூட்டை தரையில் மோதிக் கிழியாமல் இருக்கப் பல சாக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுத் தைக்க வேண்டும். எண்ணெய்க்குப் பாராசூட். கீழே ஆட்கள் முன்கூட்டியே போய், மைதானத்தைக் குறியிட்டு, ஒரு குழந்தைகூட உள்ளே ஓடிவராமல் காவல் நிற்க வேண்டும். மூட்டை தலையில் விழுந்தால் சாவுதான். காவல் நிற்க ஆள் இல்லாத இடத்தில் போட்டால் வலுத்தவன் எடுத்துக்கொள்வான். கைக்குழந்தைக்காரிக்கு எதுவும் மிஞ்சாது.

இன்னொரு ஓட்டை பங்கிடும் இடத்தில். தராசு இல்லாமல் டப்பாவால் அளந்து போடுவார்கள். டப்பா நெளிந்தாலோ, தலை தட்டினாலோ ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ரேஷன் கடையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்த குறைதான் இது. நல்ல நிர்வாகம் என்றால் வாசலில் ஒரு தராசு வைத்து, வெளியே போகிறவர்களில் சிலரின் பையை நிறுத்துப் பார்க்கும். ‘இந்த மாதம் ஆளுக்கு இவ்வளவு’ என்று உள்ளூர் மொழியிலும், எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படமாகவும் பலகையில் எழுதிவைக்கும்.

பட்டினிக் குழந்தைக்கு உடனே வயிறாரச் சோறு போட்டால் ஆபத்து என்று வகுப்பில் சொன்னார்கள். ஏன்?
– செவிலியர் மாணவி, சாகேத்

உண்மைதான். பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு தன் தசையையே எரித்து ஓடிக்கொண்டிருக்கும். இதயமும் சிறுநீரகமும் ஒடுங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறைய மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் பாய்ந்துவிடும். இதயத் துடிப்பு தடுமாறும். உப்பும் நீரும் கூடினால் அந்த இதயத்தால் தாங்க முடியாது. குழந்தை தேறுகிறது என்று தாய் நினைக்கும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் இது நடக்கும்.

முதலில் எந்தக் குழந்தை எந்தக் கட்டத்தில் என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு நாடா போதும். இடது முழங்கையை மடக்கி, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு அந்த இடத்தில் நாடாவைச் சுற்றுங்கள். 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, உயிருக்கு ஆபத்து. 115 முதல் 125-க்குள் மஞ்சள். அதற்கு மேல் பச்சை. புதிதாக அளப்பவர்கள் செய்யும் தவறு மூன்று: சட்டைக் கைக்கு மேலேயே சுற்றுவது, மடக்கிய கையிலேயே அளப்பது, தோல் பிதுங்க இறுக்குவது. இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் குழந்தையின் நிறமே மாறிவிடும்.

நாடாவோடு நிற்காதீர்கள். இரண்டு புறங்காலிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். எடுத்த பிறகும் இரண்டிலும் குழி நின்றால் அது சத்துக்குறை வீக்கம். கை கொழுகொழுவென்று இருந்தாலும் அந்தக் குழந்தை சிவப்புதான். ‘புஷ்டியாக இருக்கிறதே’ என்று அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கும்.

சிவப்பில் இருந்தும் பசி எடுக்கிற, வேறு நோய் இல்லாத குழந்தையை வீட்டில் வைத்தே தேற்றலாம். அதற்கான கடலைப் பசைப் பொட்டலம் 92 கிராம், 500 கலோரி. கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாதுப்பு எல்லாம் கலந்தது. தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை, அதனால் அழுக்குத் தண்ணீர் வழியாகக் கிருமி சேரும் பேச்சும் இல்லை. 6 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளுக்கு இரண்டரைப் பொட்டலம் அளவில், ஆறு முதல் எட்டு வாரம். ஏறக்குறைய ஓர் அட்டைப்பெட்டி, அதாவது 150 பொட்டலம், ஒரு குழந்தையின் உயிர். முதல் நாள் உங்கள் கண் முன்னாலேயே தின்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுத்தால் மருத்துவமனைதான். அங்கே எஃப்-75 என்ற மெல்லிய பால், இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, இரவிலும். குளிர்ந்துபோகாமல் போர்த்தி வைக்க வேண்டும். இரும்புச்சத்து மருந்தை முதல் வாரம் தொடக்கூடாது.

வாராவாரம் வந்தும் எடை ஏறவில்லையா? தாயைத் திட்டாதீர்கள். வீட்டில் இன்னும் மூன்று வாய் இருக்கும். பொட்டலம் பங்கு போயிருக்கும். குடும்பத்துக்கும் சேர்த்து ரேஷன் கொடுத்தால்தான் இது சரியாகும்.

வெயில் காலத்தில் எங்கள் பக்கம் டேங்கருக்கு அடித்துக்கொள்கிறோம். அகதி முகாமில் ஆளுக்கு எவ்வளவு தண்ணீர்?
– சங்கம் விகார்

குறைந்தபட்சம் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து. 10,000 பேருக்கு 1,50,000 லிட்டர், அதாவது 10,000 லிட்டர் டேங்கர் பதினைந்து நடை. ஒரு குழாய்க்கு 250 பேர் என்று நாற்பது குழாய். வீட்டிலிருந்து குழாய் 500 மீட்டருக்குள், வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்காதபடி. கழிப்பறை 20 பேருக்கு ஒன்று. தொடக்க நாட்களில் 50 பேருக்கு ஒன்றுதான் சாத்தியப்படும்.

குளோரின் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கலங்கல் தண்ணீரில் போட்ட குளோரினை அழுக்கே தின்றுவிடும். முதலில் படிகாரம் போட்டுத் தெளியவிட வேண்டும், பிறகு குளோரின், பிறகு அரை மணி நேரம் பொறுத்துச் சோதனை. குழாயடியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சோதனை மாத்திரை போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அப்புறமும் வீட்டுக் குடத்தில் கை விட்டு மொண்டால் எல்லாம் வீண். அதனால் வீட்டுக்கு இரண்டு குறுகிய வாய்க் கேன் கொடுப்பார்கள்.

காலரா வந்துவிட்டால் இழந்த உப்பையும் நீரையும் திருப்பித் தருவதே வைத்தியம். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து மக்கள் வந்து குவிந்த பனகாவ் முகாமில் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலந்து, குடும்பத்தார் கையாலேயே ஊட்ட வைத்தார். 30 சதவீதத்தை எட்டிய சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நம் நாட்டு முகாமில் கிடைத்த பாடம் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பு கூடினால் ஆபத்து. மேலே சொன்ன மெலிந்த குழந்தைகளுக்கு உப்புக் குறைந்த தனிக் கரைசல் உண்டு. காலரா இருந்தால் மட்டும் வழக்கமான கரைசல்.

துப்பாக்கி வைத்துக்கொண்டு ஐ.நா. வீரர்கள் ஏன் வேடிக்கை பார்க்கிறார்கள்?
– அரசு ஊழியர், சரோஜினி நகர்

உங்கள் கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனால் குற்றத்தை எங்கே வைப்பது என்று தெரிந்து வைக்க வேண்டும்.

ஐ.நா.வுக்கு என்று தனிப் படை கிடையாது. பாதுகாப்பு கவுன்சிலில் 15 உறுப்பினரில் 9 பேர் ஆதரித்து, ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவரும் வீட்டோ போடாவிட்டால்தான் தீர்மானம். அதில் எழுதியிருப்பதுதான் வீரனின் அதிகாரம். பிறகு நாடு நாடாகப் படை கேட்டுத் திரட்ட வேண்டும். ஹெலிகாப்டர் பறக்க, வண்டி நகர, அந்த நாட்டு அரசின் சம்மதம் வேண்டும். சுடுவதே அந்த அரசின் படையாக இருந்தாலும்.

ருவாண்டாவில் படுகொலை நடந்துகொண்டிருந்த 1994 ஏப்ரல் 21 அன்று, ஏறக்குறைய 2,500 பேர் இருந்த படையை 270 பேராகக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது கவுன்சில். அது களத்தில் நின்ற வீரனின் கோழைத்தனம் இல்லை. மறுபக்கம், தெற்கு சூடானின் மலக்கால் முகாம் 2016 பிப்ரவரியில் தாக்கப்பட்டபோது, சுடும் அதிகாரம் தீர்மானத்திலேயே இருந்தும் எழுத்தில் உத்தரவு கேட்டுக் காத்திருந்த பிரிவு உண்டு. அங்கே குற்றம் களத்தில். துணிந்த உதாரணமும் இருக்கிறது: சியரா லியோனில் கைலாஹுனில் சூழப்பட்டுக் கிடந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை 2000 ஜூலையில் ‘ஆபரேஷன் குக்ரி’ நடத்தி மீட்டார்கள்.

தமிழர்களுக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியை விட்டு ஐ.நா. ஊழியர்கள் கிளம்பினார்கள், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொல்லியிருந்தது. ‘போகாதீர்கள்’ என்று மக்கள் வாசலில் நின்று மறித்தார்கள். சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் சொந்த ஆய்வுக்குழுவே 2012 நவம்பரில் அந்த அமைப்பு கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டது. அங்கே இருந்தது ஐ.நா.வின் நீலத் தொப்பிப் படை இல்லை, நிவாரண ஊழியர்கள்தான். ஆனாலும் வெளியாள் ஒருவர் ஊரில் இருப்பதே ஒரு சாட்சி. சாட்சி போனால் என்ன நடக்கும் என்பதை வன்னி காட்டியது.

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் போர் திரும்புவது ஏன்?
– குடிமைப் பணித் தேர்வு மாணவர், பழைய ராஜிந்தர் நகர்

பெரும்பாலும் ஆயுதத்தைக் கீழே வைத்தவனுக்கு மறுநாள் காலை என்ன வேலை என்று யாரும் யோசிக்காததால். அங்கோலாவில் 1992-இல் படைகளைக் கலைக்காமலேயே தேர்தல் வைத்தார்கள். தோற்ற தரப்பு மறுபடி காட்டுக்குப் போனது. மொசாம்பிக்கில் அதே ஆண்டு ஒப்பந்தம். அங்கே ஆயிரக்கணக்கில் ஐ.நா. படை வந்தது, தேர்தலை 1994 வரை தள்ளினார்கள், கலைக்கப்பட்ட வீரர்களுக்கு இரண்டு வருஷம் படி கொடுத்தார்கள். ஊருக்குப் போய் ஒரு விளைச்சலாவது பார்க்க அவகாசம் கிடைத்தது.

லைபீரியாவில் 2003 டிசம்பரில் ஆயுதம் ஒப்படைக்கும் முகாம் திறந்தபோது எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு ஆள் வந்து, கையில் உடனே காசு கேட்டுக் கலவரமானது. நிறுத்திவிட்டு 2004-இல் மறுபடி தொடங்கினார்கள். ஆளுக்கு 300 டாலர், இரண்டு தவணை. இரண்டாம் தவணை ஊர் திரும்பிய பிறகு. தவணையாகப் பிரிப்பது நல்ல உத்தி, ஆனால் முதல் தவணை தயாராக இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது. ‘துப்பாக்கி கொண்டுவந்தால்தான் பதிவு’ என்று விதி வைத்தால், படைக்குச் சமைத்த, சுமை தூக்கிய, கடத்திக்கொண்டு போகப்பட்ட பெண்கள் வெளியே நிற்பார்கள். தேர்வில் எழுதும்போது இந்தப் புள்ளியை விடாதீர்கள்.

எங்கள் சங்கத்தில் பழைய புடவை, சட்டை சேர்க்கிறோம். சூடானுக்கு அனுப்ப வழி?
– கரோல் பாக்

வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரம் குவிந்து கிடந்த பழைய துணியை நினைத்துப் பாருங்கள். அதை அள்ளிப்போடவே தனி ஆள் தேவைப்பட்டது. துறைமுகத்தில் உங்கள் மூட்டை அடைக்கும் இடம் மருந்துக்கு உரிய இடம். பணமாகக் கொடுங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் பதிவுபெற்ற இந்திய அமைப்புக்குக் கொடுத்து நன்கொடைச் சான்று வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை.

மியான்மரிலிருந்து வந்த சின் இனக் குடும்பம் எங்கள் தெருவில் இருக்கிறது. ஏழு வயதுப் பெண்ணைப் பள்ளியில் சேர்க்க ஆதார் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– ஆசிரியை, ஜனக்புரி

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. டெல்லியில் ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். தரும் அட்டை அவர்களை அடையாளம் காட்டும். ஆனால் வெளிநாட்டவர் குறித்த சட்டத்திலிருந்து முழுப் பாதுகாப்பு தராது. அதை அந்தக் குடும்பத்துக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

பள்ளி விஷயத்தில் கல்வி உரிமைச் சட்டம், 2009 கைகொடுக்கும். 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யு.என்.எச்.சி.ஆர். அட்டை, வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, வயது குறித்துப் பெற்றோர் தரும் உறுதிமொழி – நான்கின் நகலோடு விண்ணப்பம் இரண்டு பிரதி. ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழியாக மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதி இடங்களில் அந்த வார்த்தைக்கே கதவு திறக்கும். இல்லாவிட்டால் அந்தப் பிரதியோடு மண்டலக் கல்வி அதிகாரியிடமும், பிறகு டெல்லி குழந்தைகள் உரிமை ஆணையத்திடமும் போகலாம். ‘இருநூறு ரூபாய் கொடுங்கள், பிறப்புச் சான்று போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது தெருவில் சொன்னால் அந்தப் பக்கமே போக விடாதீர்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் பள்ளிச் சேர்க்கை மட்டும் போகாது, அப்பாவைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். முதல் நாள் பள்ளிக்கு நீங்களே கூடப் போங்கள். அந்தக் குழந்தைக்கு இந்தி இன்னும் பிடிபட்டிருக்காது.